களப்பு நண்டு ஏன் கடலுக்குப் போகிறது?

(காட்சி: மட்டக்களப்பில் ஒரு காலைச் சந்தை. கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிய இரண்டு நண்டுகள், பக்கத்தில் பக்கத்தில்.)

வணக்கம். இந்த இரண்டு நண்டையும் பாருங்கள். அகலம் ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். ஆனால் இடது பக்கத்து நண்டைச் சமைத்தால் கால் நிறையச் சதை இருக்கும். வலது பக்கத்து நண்டை உடைத்தால் தண்ணீர்தான் ஒழுகும்.

வலது பக்கத்து நண்டை வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். முருங்கையிலை எல்லாம் போட்டுக் குழம்பு வைத்து, காலைக் கடித்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கோது. "நிலவு நண்டை வாங்கி வந்திருக்கிறாய்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நிலவு நாளில் பிடித்த நண்டில் சதை இருக்காது என்பது ஊர்ப்பேச்சு. சரி, நிலவைக் குற்றம் சொல்வதற்கு முன் நண்டின் ஓட்டைக் கொஞ்சம் விசாரிப்போம்.

(காட்சி: நண்டு அருகில். ஓட்டின் முன்விளிம்பு.)

இது சேற்று நண்டு. கடலில் வலைக்கு வரும் நீலக்கால் நண்டு வேறு. இதன் அறிவியல் பெயர் சில்லா செராட்டா. செராட்டா என்றால் மரம் அரியும் வாளின் பல்லைப் போன்றது என்று பொருள். கண்ணுக்கு வெளியே இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள், ஒன்பது ஒன்பது முள். முன்பு எல்லாச் சேற்று நண்டையும் ஒரே கூடைக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1998-இல்தான் அவை நான்கு தனித்தனி இனங்கள் என்று பிரித்துத் தெளிவாக்கினார்கள். நான்கில் மிகப் பெரிதாக வளர்வது இதுதான். சிங்கப்பூர் உணவகங்களில் இலங்கை நண்டு என்று பெயர் சொல்லி விற்கிறார்களே, அதுவும் இந்தச் சேற்று நண்டுதான்.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயம். நண்டின் ஓடு எலும்பு மாதிரி கூடவே வளராது. உடம்பு பெருக்கும்போது சட்டை போதாமல் போகிறது. அப்போது ஓட்டின் பின்பக்கம் பிளக்கும். நண்டு பின்புறமாக, மெல்ல மெல்ல, பழைய ஓட்டிலிருந்து தன்னை உருவிக்கொண்டு வெளியே வரும். கால், கொடுக்கு, கண் காம்பு மட்டுமல்ல, செவுளின் மேலுறையும் இரைப்பைக்குள் இருக்கும் அரைக்கும் பற்களும்கூடப் பழைய ஓட்டோடு கழன்று போகும். விட்டுப்போன கோதைப் பார்த்தால் அங்கே இன்னொரு முழு நண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

வெளியே வந்த நண்டோ நனைந்த தோல் மாதிரி மெதுமெதுவென்று இருக்கும். உடனே தண்ணீரைக் குடித்து உடம்பை ஊதிப் பெருக்கிக்கொள்ளும். அந்தப் புது அளவிலேயே ஓடு இறுகிவிடும். ஓடு இறுகச் சில நாட்கள் போதும். உள்ளே சதை நிறைய வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் நம் கையில் மாட்டியதுதான் கோது நண்டு.

அதனால்தான் வியாபாரிகள் நண்டைப் புரட்டிக் கால் அடிப்பக்கத்தை விரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். நெளிந்தால் தண்ணீர். கல்லு மாதிரி இருந்தால் சதை. கோது நண்டை எறிவதில்லை. கூட்டில் போட்டு இரண்டு மூன்று வாரம் மலிவான மீனைத் தீனியாகக் கொடுத்தால் நிறைந்துவிடும்.

(காட்சி: புரட்டிய இரண்டு நண்டுகள். வயிற்று மடிப்பு.)

புரட்டியதுதான் புரட்டினோம், இதையும் பாருங்கள். வயிற்றில் மடிப்பு ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று அரைவட்டமாக இருந்தால் பருவமான பெண். பெண் நண்டோடு சேர ஆணுக்குக் கிடைக்கும் நேரமும் அவள் ஓடு கழற்றி மெதுமெதுவென்று இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதனால் ஓடு கழற்றப்போகும் பெண்ணை ஆண் நாட்கணக்கில் தன் அடியில் அணைத்தபடி சுமந்து திரியும். காதல் என்று சொல்லலாம், காவல் என்றும் சொல்லலாம். ஆணின் விந்தைப் பெண் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். முட்டை இடுவது எப்போது என்பதை அப்புறம் அவளே பார்த்துக்கொள்வாள்.

இங்கேதான் கதை களப்பை, அதாவது கடலோடு வாய் திறக்கும் வாவியை, விட்டு வெளியேறுகிறது.

(காட்சி: மேலிருந்து வாவி. கரையோரச் சேற்றில் வளரும் கண்ணா மரங்கள். தூரத்தில் மணல்திட்டு, அதற்கப்பால் அலை.)

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். மாரியில் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கும் மேற்குக் கரையான படுவான்கரைக்கும் நடுவே கிடப்பது அனேகமாக நல்ல தண்ணீர்தான். கோடையில் அதே இடம் உப்பேறும். பெரிய நண்டு இரண்டையும் தாங்கும். அதன் குஞ்சு தாங்காது. பொரிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், நண்டு மாதிரியே இருக்காது, முதுகில் ஒரு நீள முள்ளோடு மிதக்கும் ஒரு துளி. அதற்குக் கடலின் உப்பு வேண்டும்.

ஆகவே பெண் நண்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. இருபது இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை முட்டைகளை வயிற்று மடிப்புக்குள் ஒட்டிவைத்துச் சுமக்கும். முதலில் செம்மஞ்சளாக இருக்கும் முட்டைக்குள் குஞ்சின் கண் தெரியத் தெரியக் கறுத்துவரும். நாம் குழம்பில் ரசித்துத் தின்னும் செம்மஞ்சள் முட்டை உடம்புக்குள் இருப்பது. வெளியே முட்டை சுமக்கும் தாயைச் சந்தையில் அரிதாகத்தான் பார்க்கலாம், அவள் அப்போது கடலில் இருப்பாள்.

பொரித்த குஞ்சு ஐந்து கட்டம் மாறி, ஆறாவதில் சின்னக் கொடுக்கு முளைத்து, கரையைத் தேடி வரும். கண்ணா வேருக்கடியில் சேர்ந்து, சுமார் நான்கு மில்லிமீட்டர் நண்டாக மாறும்போதுதான் முதன்முதலாக அதை நண்டு என்று சொல்லமுடியும். ஐம்பது இலட்சத்தில் இந்த இடம்வரை வருவது ஒரு கைப்பிடி.

போவதற்கும் வருவதற்கும் வழி, பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரமும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும். கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொள்கிறது. மாரி வெள்ளத்தில் வெட்டித் திறக்கிறார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்காரருக்கும் பேச்சு ஒத்துவராது. வயலில் தண்ணீர் நின்றால் நெல் அழுகும். முந்தி வெட்டினால் வாவியில் வளர்ந்த இறாலும் மீனும் வெள்ளத்தோடு போய்விடும் என்பது மறுபக்கத்துப் பேச்சு. இரண்டும் உண்மைதான். அந்த வாயால் முட்டையோடு வெளியே போகவேண்டியவளும், மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே வரவேண்டிய குஞ்சும் எந்தக் கூட்டத்திலும் பேசப்போவதில்லை.

(காட்சி: சந்தை. வியாபாரி அகன்ற மடிப்புள்ள பெண் நண்டைத் தூக்கிக் காட்டுகிறார்.)

அண்ணன் இப்போது எங்களுக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார், மடிப்பைப் பாருங்கள், பருவமான பெண். "முட்டை நண்டு, விலை கூட" என்கிறார். இன்றைக்கு நாங்கள் ஆணை வாங்கிக்கொண்டோம்.