அப்பாவின் கால் புண்ணும் ஆக்சிஜன் அறையும்

வணக்கம் மக்களே. சர்க்கரை நோயால் ஆறாமல் கிடந்த அப்பாவின் கால் புண்ணைப் பற்றிப் போன மாதம் அழாத குறையாகப் பேசினேனே, அழுத்தம் ஏற்றிய அறைக்குள் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சையில் இன்று பதினெட்டாவது நாள் முடிந்தது. கட்டைப் பிரித்தால் புண்ணின் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை! நர்ஸ் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

முதல் நாள் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் அப்பா வாசல் தாண்ட மாட்டார், உங்களுக்கே தெரியும். டெக்னீஷியன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எண்ணெய் கூடாதாம். ஆட்டோவுக்குப் போக வர 360 ரூபாய்! முன்பதிவு செய்தபோதே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இரண்டு முறை ஷாம்பு போட்டு, பருத்தி உடை மாற்றி, திரும்ப இன்னொரு ஆட்டோ. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் காரணம் நியாயமானது. சுத்த ஆக்சிஜனில் ஒரு பொறி போதும். 1997-ல் மிலான் நகரில் இப்படி ஓர் அறை தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கோலி சோடாவில் அழுத்தத்தால் வாயு கரைகிறதே, அதே வேலைதான். காற்றழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்காக ஏற்றி 90 நிமிடம் சுத்த ஆக்சிஜன். சிவப்பணு சுமப்பது போக, ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் அது கரைந்து, சர்க்கரையால் ரத்த ஓட்டம் குறைந்த இடத்தையும் எட்டுகிறது. ஆக்சிஜனுக்குப் பட்டினி கிடந்த செல்கள் புதுச் சதைக்கு வேண்டிய கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்குகின்றன. வெள்ளணுக்கள் கிருமியை நன்றாகக் கொல்கின்றன. புது ரத்த நுண்குழாய்கள் முளைக்கின்றன.

அளவு மீறினால் அதே ஆக்சிஜன் செல்லைத் தாக்கும். நுரையீரல் பாதிக்கப்படலாம், அபூர்வமாக வலிப்பும் வரும். அதனால்தான் நடுநடுவே ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று. அட, காதைச் சொல்ல மறந்துவிட்டேன்! அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே போகும் முன் சர்க்கரையும் பார்ப்பார்கள், சிலருக்கு இறங்கிவிடும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதே அறைக்கு வரும் 'இளமை திரும்பும்' விளம்பரங்கள்தான். 2020-ல் இஸ்ரேலில் 35 முதியவர்களுக்கு 60 தடவை கொடுத்து, ரத்த அணுக்களில், வயது ஏற ஏறக் குறுகும் குரோமோசோம் முனையான டெலோமியர் நீண்டதாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழுவே அதில் இல்லை. அதை நம்பி முகச்சுருக்கத்துக்கு லட்ச ரூபாயா? ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும், ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வந்து ரத்தத்தில் குமிழி கட்டியவருக்கும் உரிய அறை அது.

நாளை பத்தொன்பதாவது நாள். எண்ணெய்ப் புட்டி என் அலமாரியில் பூட்டி இருக்கிறது.