சுருதி தேடி மலை ஏறியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அது உடைந்துவிட்டால், கையை எடுத்த பிறகும் ஸ்வரம் இழுத்துக்கொண்டே இருக்கும். 1887-இல் ஜப்பானின் ஹமமாட்சு ஊரில், ஆரம்பப் பள்ளி ஒன்றில் இருந்த, ஆர்மோனியத்துக்கு உறவான அமெரிக்க ஆர்கனில் ஸ்பிரிங் இரண்டு உடைந்து கிடந்தன. பழுது பார்க்க வந்தவர் தொரகுசு யமஹா. கடிகாரத்தையும் மருத்துவக் கருவிகளையும் சரிசெய்து பிழைத்தவர். ஸ்பிரிங்கை மாற்றிக் கூலியை வாங்கிக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் படமாக வரைந்துகொண்டார்.

உலோக நகாசு வேலை தெரிந்த கவாய் கிசபுரோவைக் கூட்டுச் சேர்த்துச் சொந்தமாக ஓர் ஆர்கன் செய்தார். நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது? தோக்கியோவின் இசைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர். ஆர்கனைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து இருவரும் நடந்தார்கள். அந்தச் சுமையை நினைத்தாலே எனக்குத் தோள் வலிக்கிறது! அங்கே கிடைத்த பதில்: வடிவம் சரி, சுருதி சேரவில்லை.

யமஹா ஊர் திரும்பவில்லை. அங்கேயே ஒரு மாதம் தங்கி இசைப் பாடம் கேட்டார். தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவையைத் தட்டித் தட்டிக் காதைப் பழக்கினார். அடுத்த ஆர்கன் தேறியது. இந்தக் கதையில் என்னை உலுக்குவது அந்த ஒரு மாதம்தான். கைத்தொழிலில் கெட்டிக்காரர், தனக்குக் காது போதவில்லை என்று ஒப்புக்கொண்டு மாணவராக உட்கார்ந்தாரே!

1897-இல் யமஹாவின் 'நிப்பான் கக்கி' நிறுவனம் பிறந்தது. 1900-இல் பியானோ. மரத்தை வளைத்துச் செதுக்கத் தெரிந்த கைகளைத் தேடி, பிறகு விமான புரொப்பல்லர் வேலையும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலை நாசமானது. போர் முடிந்ததும் முதலில் செய்தவை மௌத் ஆர்கனும் சைலோஃபோனும். புரொப்பல்லர் செய்த எந்திரங்கள் சும்மா கிடந்தன. தலைவர் கெனிச்சி கவகாமி அவற்றை மோட்டார் சைக்கிள் பக்கம் திருப்பினார். 1955-இல் வந்த 125 சிசி வண்டிக்கு ஜப்பானியர் வைத்த செல்லப் பெயர் செந்தும்பி. அதே ஆண்டு ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில், தன் பிரிவில் அது முதலாவதாக வந்தது.

நம் தெருக்களில் யமஹா ஆர்எக்ஸ் 100 ஓடுகிற சத்தத்தைத் தூரத்திலேயே அடையாளம் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஒரு யமஹா வண்டியைப் பார்த்தால் அதன் சின்னத்தை உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பவை மூன்று இசைக்கவைகள்.