நெல்லையில் வெளியே கிளம்புமுன் ஆற்றைக் கேளுங்கள்

[திரையில்: விடியற்காலை. குறுக்குத்துறை படித்துறை. ஆற்றின் நடுவே முருகன் கோயில்.]

வணக்கம். திருநெல்வேலிக்குப் புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? இங்கே பெரிய பூங்கா இல்லையே, கடற்கரையும் இல்லையே?"

இரண்டும் இல்லைதான். ஆனால் நெல்லைக்கு ஓர் ஆறு இருக்கிறது. பொதிகையில் பிறந்து, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடி, தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னக்காயலில் கடலைத் தொடுகிற தாமிரபரணி. இந்த ஊரில் வெளியே போய்க் குளிப்பது, நடப்பது, சைக்கிள் ஓட்டுவது, பறவை பார்ப்பது எல்லாம் எப்படியோ இந்த ஆற்றில் வந்து சேர்ந்துவிடும். அதனால் எங்கே போகலாம் என்று யோசிக்குமுன், இது எந்த மாதம், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். குறுக்குத்துறைக்குக் காலை ஐந்தரை மணிக்கு வாருங்கள். தோளில் துண்டு போட்ட பெரியவர்கள், நீச்சல் பழகும் பையன்கள், துணி துவைப்பவர்கள் என்று படித்துறை அதற்குள் விழித்திருக்கும். கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளத்தைப் பிளந்து விடுவதற்காக அதன் சுவரைப் படகின் முன்பக்கம் போலக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கினால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் கோயில் மூழ்கியது. அதே இடத்தில், தண்ணீர் வற்றிய மே மாதத்தில், பாறைமேல் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கலாம்.

குளிக்க இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மேலே பார்த்தால் அமைதியாக ஓடுகிற ஆற்றுக்கு அடியில் கசம் இருக்கும். திடீரென்று ஆளை விழுங்கும் ஆழத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. ஊர்க்காரர்கள் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள். "அண்ணாச்சி, இங்கே ஆழம் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கேட்க வேண்டும்.

[திரையில்: சுலோச்சன முதலியார் பாலம்.]

ஆறு வேண்டாம், நடந்தால் போதும் என்பவர்களுக்குப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் இருக்கிறது. விளையாட்டுப் பயிற்சிக்கு அண்ணா விளையாட்டரங்கம். நடந்தே ஊரைப் பார்க்க ஆசையென்றால், ஞாயிறு காலை வண்டிகள் பெருகுமுன் சுலோச்சன முதலியார் பாலத்தில் நில்லுங்கள். 1843-இல் திறந்த பாலம் இது. நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்த காலத்தில் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது.

சரி, இப்போது மேற்கே போவோம். அந்தப் பக்கம்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

[திரையில்: ரயில் ஜன்னல் வழியே வயல்கள், தொலைவில் மலை.]

செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பேட்டை தாண்டியதும் வயல் வந்துவிடும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஸ்டேஷன் மாற மாற மலை பெரிதாகிக்கொண்டே வரும். ஜூனில் பாபநாசம் அணையைத் திறந்தால் கார் சாகுபடி, வடகிழக்குப் பருவமழையோடு பிசானம். இந்த இரண்டு போகத்துக்கும் நடவு முடிந்த நாட்களில் இந்தப் பாதை முழுக்கப் பச்சை. இந்த ரயில் பயணமே ஒரு சுற்றுலாதான் என்பது என் கட்சி.

சைக்கிள்காரர்கள் ரயிலை விட்டுவிட்டு, மேலப்பாளையத்திலிருந்து மேலச்செவல், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவிக்குப் போகலாம். அதிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்க்கலாம். இன்னும் கால் வலு இருந்தால் வீரவநல்லூருக்குப் பக்கத்தில் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற ஊர். ஆற்றங்கரையில் மருதமரங்கள், அவற்றில் கூடு கட்டுகிற பறவைகள். 2005-லேயே இதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்துவிட்டார்கள். கோயில் மண்டபத்து நிழலில் உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி பஸ் பிடித்தால் விக்கிரமசிங்கபுரம் தாண்டிப் பாபநாசம். குற்றாலம் வறண்ட மாதங்களிலும் இங்கே அகத்தியர் அருவியில் தண்ணீர் விழும். மேலே அணைகள் இருக்கின்றன, மின்சாரம் எடுத்துவிட்டு விடுகிற தண்ணீரும் வந்துகொண்டே இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அருவியைத்தான்.

ஆனால் சோதனைச்சாவடிக்கு அப்பால் நீங்கள் நிற்பது புலிகள் காப்பகம். களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-இல் அறிவித்தது. பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, மது கூடாது, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். இன்று நீங்கள் கொடுத்த முறுக்குக்காக அது நாளை இன்னொரு குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கும். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அந்த நாட்களில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் உண்டு, சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்கள் வேறு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. மணிமுத்தாறு அருவிக்கும் மாஞ்சோலைக்கும் வனத்துறை என்ன சொல்கிறதோ அதுதான். கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

பாபநாசத்தில் எனக்குப் பொறுக்காத காட்சி ஒன்று உண்டு. பரிகாரம் என்று சொல்லி, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக எடுத்துப் போட்டாலும் தீர்வதில்லை. நானும் ஒருமுறை முழங்கால் தண்ணீரில் நின்று, பாறை இடுக்கில் சிக்கிய ஒரு சேலையை இழுத்தேன். அதன் பின்னால் இன்னும் நான்கு வந்தன. இதே தண்ணீரைத்தான் கீழே நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குடிக்கிறோம். தயவுசெய்து துணியை வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள்.

[திரையில்: குற்றாலம் பேரருவி, சாரல்.]

குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம். ஆனாலும் நெல்லைக்காரர்களுக்கு ஜூன் வந்தால் கால் தானாக அங்கே போகும். அங்கே விழுகிற சிற்றாறும் கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் கலக்கிறது. சீசனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்து வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டலாம். தண்ணீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க விட மாட்டார்கள். நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருந்தாலும் போலீஸ்காரரோடு வாதாடாதீர்கள். வடகரைப் பக்கம் ஒரு சுற்று சுற்றி, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சாரலே போதும்.

[திரையில்: கூந்தன்குளம். ஊர் நடுவே மரங்களில் நாரைக்கூடுகள்.]

அப்புறம், ஜனவரியிலிருந்து கோடை வரைக்கும் கூந்தன்குளம். நெல்லைக்குத் தெற்கே, மூலைக்கரைப்பட்டிக்கு அருகே, ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 1994 முதல் சரணாலயம், பின்னர் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளம் நிறைவது மணிமுத்தாறு அணைத் தண்ணீரில். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் இங்கே குளிர்காலம் கழிக்கின்றன. பூநாரைகளும் வரும்.

ஆனால் கூந்தன்குளத்துக்குப் போனால் குளத்தைவிட ஊரைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். வீட்டு முற்றத்து மரத்தில் செங்கால் நாரையின் உறவான மஞ்சள் மூக்கு நாரையும், கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். கீழே கட்டிலில் தாத்தா படுத்திருப்பார். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. அங்கே போகிறவர்கள் ஹார்ன் அடிக்காமல், டிரோன் பறக்கவிடாமல் போய் வாருங்கள். அதிகாலையோ மாலை நான்கு மணிக்கு மேலோ போங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூடுகள் தலைக்கு மேலேதான்.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு டவுன் பக்கத்திலேயே நயினார்குளம் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். மாணவர்கள், ஆசிரியர்கள் என்று பலரும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பறவையின் பெயர் தெரியாதவர்களுக்கு உடன் வருகிறவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, தலைக்குத் தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும். வெளிர்நிற உடை போட்டுக்கொண்டு, ஆறு மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.