மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கிற பத்து வருஷத்து டெஸ்க்டாப் ஒண்ணு உங்க வீட்லயும் இருக்கா? அப்போ இந்த பேச்சு உங்களுக்குத்தான்.

முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன். என் பழைய மெஷின் ஸ்லோ ஆனப்போ ராம், அதாவது திறந்திருக்கிற வேலையைத் தற்காலிகமா வச்சுக்கிற மெமரி, பத்தலைன்னு நானே முடிவு பண்ணி, இருந்த 4 ஜிபிக்குப் பக்கத்துல இன்னொரு 4 ஜிபி வாங்கி மாட்டினேன். ஒரு மாத்தமும் இல்ல. அப்புறம்தான் புத்தி வந்து, மெஷின்ல எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப், மூணே பட்டன். மெமரி பாதிகூட நிறையல, ஆனா ஃபைலெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குது, எதையும் காப்பி பண்ணல, எதுவும் ஓடல, சும்மா இருக்கும்போதே 100. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பார்த்திருக்க வேண்டியதை கொடுத்துட்டு பார்த்தேன்.

அதனால ஸ்க்ரூ டிரைவரைத் தேடறதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரீனை ஒரு பத்து நிமிஷம் பாருங்க. நீங்க வழக்கமா பண்ற வேலையைப் பண்ணிக்கிட்டே பாருங்க. மெமரி 90க்கு மேலயே நின்னா ராம் வாங்கலாம், தப்பில்ல. டிஸ்க்தான் முட்டுதுன்னா, எத்தனை ராம் போட்டாலும் நான் பட்ட கதைதான்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு இழுக்குதுன்னா, உள்ள ஒரு தட்டு பொதுவா நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்துது, அதுமேல ஒரு கை அங்கயும் இங்கயும் ஓடி ஓடி ஃபைலைத் தேடுது. ஒவ்வொரு தேடலுக்கும் சராசரியா பத்து மில்லி செகண்டுக்கு மேலயே ஆகும். கேக்க கம்மியா தெரியும், ஆனா விண்டோஸ் எழுந்திரிக்கும்போது ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஃபைலைக் கேக்குதே, அப்போ கூட்டிப் பாருங்க. இதுக்குப் பதிலா மாட்டற எஸ்எஸ்டி வெறும் சிப்லயே ஃபைலை வச்சுக்கற டிஸ்க், அதுல சுத்தறதும் இல்ல, ஓடறதும் இல்ல. உங்க மதர்போர்டுல டிஸ்கை மாட்டற இணைப்பு பழைய சாட்டா 2 வகையா இருந்தாக்கூட கவலைப்படாதீங்க, முழு வேகம் கிடைக்காதுதான், ஆனா அந்த தேடற நேரம் மிச்சமாகுது பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. இன்னொண்ணு, என்விஎம்இங்கற வேற வகை எஸ்எஸ்டி ரொம்ப வேகம்னு கேள்விப்பட்டு அதை ஒரு அடாப்டர் கார்டுல போட்டு மாட்டறவங்க இருக்காங்க, பயாஸ்னு மெஷினை முதல்ல எழுப்பற புரோகிராம் போர்டுல இருக்கு, பழைய பயாஸ் பலதுக்கு அதுலேர்ந்து பூட் பண்ணத் தெரியாது. சாதாரண இரண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும்.

மாத்தறதுக்கு முன்னாடி பழைய டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி இலவச சாஃப்ட்வேர் காட்டும். ரீஅலொகேட்டட் செக்டார், அதாவது கெட்டுப்போய் மாத்து இடம் கொடுத்த பகுதி, கரன்ட் பெண்டிங் செக்டார், அதாவது படிக்கத் தடுமாறற பகுதின்னு ரெண்டு வரி இருக்கும். பெண்டிங்ல சைபரைத் தவிர வேற என்ன இருந்தாலும், டெஸ்ட் கிஸ்ட் எல்லாம் அப்புறம், முதல்ல ஃபோட்டோவைக் காப்பி பண்ணுங்க. டக் டக்னு சத்தமும் சேர்ந்து வந்தா இன்னிக்கே பண்ணுங்க.

அடுத்தது சூடு. என் மெஷின்ல ப்ராசசர் ஃபேனைக் கழட்டினதும் தெரிஞ்சது, சூட்டை வெளியேத்தற ஹீட் சிங்க் தகடு ஒண்ணுகூட கண்ணுல படல, மேல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கிடந்தது, ரெண்டு விரலால ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன், ஒரே துண்டா உரிஞ்சு வந்துடுச்சு! அடியில ப்ராசசர் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தற தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிருது. இந்த நிலைமைல ப்ராசசர் என்ன பண்ணும், கருகிடக் கூடாதேன்னு தானா வேகத்தைக் குறைச்சுக்கும், நாம கிழடாயிடுச்சுன்னு நினைச்சுப்போம். பழைய பேஸ்டைத் துடைச்சுட்டு புதுசு ஒரு பட்டாணி அளவு வச்சாப் போதும். ஹீட் சிங்கை மட்டும் நேரா மேல பிடுங்காதீங்க, மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, பிளக்கை உருவிட்டு, லேசா திருகி எடுங்க, நேரா பிடுங்கினா அடியில பின் இருக்கிற வகை ப்ராசசர் சாக்கெட்லேர்ந்து பிடுங்கிக்கிட்டு வந்து பின் வளைஞ்சிடலாம்.

திடீர்னு ரீஸ்டார்ட் ஆகுது, நீல ஸ்க்ரீன் வருதுன்னா ராம் மேலயும் பவர் சப்ளை மேலயும் சந்தேகப்படணும். ராமைக் கழட்டி அந்தத் தங்கக் கலர் விளிம்பை பென்சில் ரப்பரால தேய்ச்சு மாட்டறது பழைய வைத்தியம், நிறைய தடவை பலிக்கும். பலிக்கலைன்னா ஒவ்வொரு ராமா தனித்தனியா போட்டு, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராமை ராத்திரி பூரா ஓட விடுங்க. புதுசா வாங்கறதுன்னா உங்க ராம் டிடிஆர்3 வகையா 4ஆன்னு பார்த்துட்டு வாங்குங்க, ஒண்ணுல 240 பின், இன்னொண்ணுல 288, விளிம்புல இருக்கிற வெட்டும் வேற இடத்துல இருக்கும், அழுத்தினா உடையுமே தவிர உள்ள போகாது. பவர் சப்ளைல 12 வோல்ட் லைன் மல்டிமீட்டர்ல 11.4க்கும் 12.6க்கும் நடுவுல இருக்கணும். அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீங்க, பிளக்கை எடுத்த பிறகும் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும்.

தேதி தப்பா காட்டி, திறக்கற சைட் எல்லாம் பாதுகாப்பில்லன்னு பிரவுசர் சொல்லுதா? வைரஸ்னு பயந்து ஃபார்மட் பண்ணினவங்களை எனக்குத் தெரியும். போர்டுல தேதியைக் காப்பாத்தற சிஆர்2032 காயின் பேட்டரி செத்துருக்கும், அவ்வளவுதான். மாத்தறதுக்கு முன்னாடி பயாஸ் செட்டிங்கை எல்லாம் மொபைல்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க, பேட்டரியை எடுத்ததும் அதெல்லாம் பழையபடி டீஃபால்ட்டுக்குப் போயிடலாம், சாட்டா மோட், அதாவது போர்டு டிஸ்கோட பேசற முறை, ஏஹெச்சிஐலேர்ந்து ஐடிஇக்கு மாறிட்டா விண்டோஸ் ஏறாம போகலாம், அப்புறம் புது எஸ்எஸ்டியே போச்சுன்னு பதறுவீங்க.

எதுவரைக்கும் செலவு பண்ணலாம்னு கேட்டா, எஸ்எஸ்டி, ராம், பேஸ்ட், பேட்டரி வரைக்கும் தயங்காதீங்க. ப்ராசசரையும் போர்டையும் மாத்தணும்னு வந்துட்டா அது புது கம்ப்யூட்டர் வாங்கற கணக்கு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது, 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாவது தலைமுறையாவது இருக்கணும். அது இல்லாத மெஷினை நான் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ல ஓட்டறேன்.

வீணா வாங்கினேன்னு சொன்னேனே அந்த 4 ஜிபி ராம், அதைக் கழட்டல. எஸ்எஸ்டி போட்டதுக்கப்புறம் தைரியம் வந்து பிரவுசர்ல முப்பது டேப் திறந்து வைக்கிறேன், அதுக்கு அது வேண்டியிருக்கு. வணக்கம்.