சாகத் தெரியாத அணியிலிருந்து

நடுவர் அவர்களே, இரு அணியினரே, அவையோரே, வணக்கம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்தினால் என் நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். தலைப்பு உங்களுக்குத் தெரியும். பல கில்டுகள், அதாவது வீரர் குழுக்கள், சேர்ந்து விளையாடும் பெரிய இணைய வேடமேற்பு விளையாட்டுச் சமூகம் தழைக்க வேண்டுமானால், எல்லாருக்கும் பொதுவான சட்டம் வேண்டுமா, அல்லது அந்தந்தக் கில்ட் தன் விருப்பப்படி நடந்துகொண்டால் போதுமா? நான் பொதுச் சட்டத்தின் பக்கம்.

தலைப்புக்குப் போவதற்கு முன்பு தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்தார். "பொதுச் சட்டம் கேட்பவர்கள் யார் தெரியுமா? விளையாட்டில் சாகத் தெரியாதவர்கள்!" நீங்கள் கை தட்டினீர்கள். நடுவரும் சிரித்தார். தண்ணீர் குடிப்பதுபோல டம்ளரை வைத்து மறைத்துக்கொண்டார், ஆனாலும் நான் பார்த்துவிட்டேன்.

அண்ணே, சாவதற்கு நாங்கள் தயார். எந்தக் கில்டின் விதிப்படி சாக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் ஒரு மனிதர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவருடைய கதாபாத்திரம் ஒரு தளபதி. அந்தத் தளபதியின் கதையைக் கேட்டபிறகு யாருக்குச் சாகத் தெரியவில்லை என்று அவையே முடிவு செய்யட்டும்.

ஒரு சர்வரில் மூன்று கில்டுகள். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகி, அது செய்வதை எழுதி எழுதியே கதையை நடத்துவார்கள். தளபதி இருந்தது படைவீரர்களின் கில்ட். அங்கே சண்டை வந்தால் பகடை உருட்டுவார்கள், விழுந்த எண்தான் தீர்ப்பு. இரண்டாவது, காயம் ஆற்றுபவர்களின் கில்ட். அங்கே சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் யாரையும் கொல்ல முடியாது. மூன்றாவது கொள்ளையர் கில்ட். அங்கே யார் முதலில் எழுதுகிறாரோ அவர் எழுதியதுதான் நடந்தது. மூன்றும் அதனதன் வீட்டுக்குள் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் மூன்றும் சேர்ந்து விழா எடுத்தார்கள்.

விழாவில் ஒரு கொள்ளையன் மூன்று வாக்கியம் எழுதினான். "பின்னாலிருந்து வருகிறேன். தளபதியின் முதுகில் கத்தியைச் செருகுகிறேன். தளபதி சாகிறார்." முதல் இரண்டு வாக்கியங்களில் யாருக்கும் தகராறு இல்லை. மூன்றாவது வாக்கியம் இருக்கிறதே, அதை எழுத வேண்டியவர் தளபதி. உன் கையை நீ அசைக்கலாம், என் உயிரை நீ எடுத்துக்கொள்ள முடியாது என்பது வேடமேற்பு ஆட்டத்தின் அரிச்சுவடி. தளபதி எழுதினார்: "சட்டென்று திரும்பிக் கத்தியைத் தட்டிவிடுகிறேன்." கொள்ளையன்: "கத்தியில் நஞ்சு தடவியிருக்கிறது. கீறல் பட்டாலே போதும்." தளபதி: "சிறு வயதிலிருந்தே நஞ்சு உண்டு பழகியவன் நான்." கொள்ளையன்: "இது வேறு நஞ்சு." தளபதி: "அந்த வேறு நஞ்சையும்தான் உண்டிருக்கிறேன்." விடிய விடிய நடந்தது, நடுவர் அவர்களே. நடுவில் காயம் ஆற்றும் கில்டைச் சேர்ந்த ஒரு பெண் வந்து, "தளபதியின் காயத்துக்குப் பச்சிலை வைக்கிறேன்" என்று எழுதினார். தளபதி, "எனக்குக் காயமே இல்லை" என்றார். அந்தப் பெண், "தயவுசெய்து கொஞ்சம் காயப்படுங்கள், சாயங்காலத்திலிருந்து எனக்கு வேலையே இல்லை" என்றார்.

சிரியுங்கள், ஆனால் கதை இன்னும் முடியவில்லை. மறுநாள் மூன்று கில்டுகளும் தத்தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டன. கொள்ளையர் ஏட்டில் தளபதி இறந்துவிட்டார், பரிசுத் தொகையும் பங்கு பிரித்தாகிவிட்டது. காயம் ஆற்றுபவர்களின் ஏட்டில் தளபதி கவலைக்கிடம், யாரும் பார்க்கக் கூடாது. சொந்தக் கில்டில் பகடை உருட்டிப் பார்த்தார்கள். சிறு காயம், மறுநாளே வேலைக்கு வரலாம். ஒரே மனிதர், ஒரே நேரத்தில் பிணம், நோயாளி, ஊழியர். மூன்றும் விதிப்படி சரி.

இப்போதுதான் அசல் சிக்கல். கதையில் தளபதியின் மனைவி கொள்ளையர் கில்டைச் சேர்ந்தவர். அவருடைய கில்டின் ஏட்டுப்படி அவர் விதவை. முறையாக அழுதார். அழுது முடித்து, கத்தியைச் செருகிய அதே கொள்ளையனைக் கல்யாணம் செய்துகொள்ள நாள் குறித்தார். கல்யாணத்துக்குத் தளபதி நேரில் போய்விட்டார். வாசலில் நின்று எழுதினார்: "இதோ, நான் உயிரோடு நிற்கிறேன்." கொள்ளையர் ஏட்டில் அவர் பிணமாயிற்றே! அவர்கள் எழுதினார்கள்: "வாசலில் குளிர்ந்த காற்று வீசுகிறது." தளபதி, "இந்தக் கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று கத்துகிறேன்." அவர்கள், "காற்று சற்றுப் பலமாக வீசுகிறது." தளபதி பந்தலுக்குள் புகுந்து மேசையைப் புரட்டினார். அவர்கள், "யாராவது அந்தச் சன்னலைச் சாத்துங்கள்."

பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் விளக்கம் கேட்கிறார். ஐயா, உங்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். மனிதர் உயிரோடு இருக்கிறார், மனைவியின் கல்யாணத்தில் நிற்கிறார், மனைவி அவரைப் பார்த்து, "சன்னலைச் சாத்துங்கள்" என்கிறார்! இதில் யாரும் விதி மீறவில்லை என்பதுதான் கொடுமை. கடைசியில் மூன்று கில்ட் தலைவர்களும் பேசித் தீர்க்க உட்கார்ந்தார்கள். எந்தக் கில்டின் விதிப்படி பேசுவது என்பதிலேயே அன்றைய பேச்சு முடிந்துபோயிற்று. தளபதி வேடம் போட்டவர் என்ன கேட்டார் தெரியுமா? "என்னைக் காப்பாற்ற வேண்டாம், மூன்று பேரும் சேர்ந்து ஒழுங்காக ஒருமுறை கொன்றுவிடுங்கள், நான் புதுப் பாத்திரம் தொடங்கிக்கொள்கிறேன்" என்றார். அண்ணே, அவருக்குச் சாகத் தெரியாதா? அவரைச் சாக விட்டால்தானே!

சாவதற்கு எங்கள் அணியில் மேலான உதாரணமும் இருக்கிறது. 1997 ஆகஸ்டில் அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, அந்த உலகைப் படைத்த ரிச்சர்ட் கேரியட் தன் லார்ட் பிரிட்டிஷ் வேடத்தில் குடிமக்கள் முன் தோன்றினார். சர்வரை மறுபடி தொடங்கியபின், தனக்கு அழிவில்லாத நிலையை மீண்டும் இயக்க மறந்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர் நெருப்பு மந்திரத்தைப் போட்டார். அரசர் போய்ச் சேர்ந்தார். படைத்தவரே சாகிற உலகில் நாங்கள் எம்மாத்திரம்?

சரி, தலைப்புக்கு வருகிறேன். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பொதுச் சட்டம் வந்தால் சுதந்திரம் செத்துப்போகும் என்றார்கள். 1986-இல் சோதனைக்கு வந்த லூக்காஸ்ஃபிலிமின் ஹாபிடாட், கமடோர் 64 கணினியில் ஓடிய உலகம். அங்கே ஆளுக்கு ஆள் சுட்டுக்கொண்டார்கள், தட்டிப் பறித்தார்கள். கொலை குற்றமா, விளையாட்டின் ஒரு பகுதியா என்று மக்களிடமே கேட்டார்கள். பாதிப் பேர் குற்றம் என்றார்கள், பாதிப் பேர் அதில்தான் சுவையே இருக்கிறது என்றார்கள். நடத்தியவர்கள் செய்தது எளிமையான காரியம்: ஊருக்குள் ஆயுதம் வேலை செய்யாது, ஊருக்கு வெளியே உங்கள் பாடு. எல்லாருக்கும் பொதுவான விதி ஒன்றே ஒன்று. அடித்துக்கொள்பவர்களுக்கும் இடம் கிடைத்தது, அரட்டை அடிப்பவர்களுக்கும் இடம் கிடைத்தது. இதில் யாருடைய சுதந்திரம் செத்தது?

எதிரணித் தம்பி ஈவ் ஆன்லைன் என்ற விண்கப்பல் விளையாட்டைக் காட்டினார். அங்கே திருடலாம், நம்பவைத்துக் கழுத்தறுக்கலாம், அந்த விளையாட்டு 2003-இலிருந்து ஓடுகிறது என்றார். உண்மைதான் தம்பி. ஆனால் அங்கே திருடலாம் என்பதே எல்லாருக்கும் அறிவிக்கப்பட்ட பொது விதி அல்லவா? ஒரு கூட்டணிக்கு ஒரு நியாயம் என்று இல்லையே! விளையாட்டுக்குள் கப்பலைத் திருடலாம், அதை வெளியே உண்மைப் பணத்துக்கு விற்றால் தடை. மற்ற வீரரை நிஜ வாழ்க்கையில் மிரட்டினாலும் தடை. போதாக்குறைக்கு 2008 முதல் வீரர்களே வாக்களித்துத் தங்களுக்கு ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தம்பி எங்கள் அணிக்கு நல்ல சான்று எடுத்துக் கொடுத்திருக்கிறார், நன்றி.

சட்டம் இல்லாவிட்டால் கில்டுகள் தாமாகவே பேசித் தீர்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கடைசி வாதம். லாம்டாமூ என்ற, எழுத்தாலேயே ஆன இணைய உலகை பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் தொடங்கினார். அங்கே நிர்வாகிகளுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். 1992 டிசம்பரில் அந்த மந்திரவாதிகள், இனி உங்கள் சண்டை சச்சரவில் தலையிட மாட்டோம், கணினி நிரலை மட்டும் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுங்கினார்கள். அடுத்த சில மாதங்களில் ஒருவன், பிறர் பெயரில் எழுத்தை வரவைக்கும் ஒரு பொம்மை நிரலை வைத்து, மற்றவர்களின் கதாபாத்திரங்கள் கேவலமான காரியங்களைச் செய்வதாகக் கூடம் நிறைய எழுத வைத்தான். கொதித்துப்போன மக்கள் கூடிப் பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கு என்றே எழுதப்படவில்லை. கடைசியில் ஒரே ஒரு மந்திரவாதி, யாரையும் கேட்காமல், தனி ஆளாக அவனை நீக்கினார். நீக்கியது சரிதான். ஆனால் கூடிப் பேசிய கூட்டத்துக்கு என்ன மரியாதை? தடியெடுத்தவன் தண்டல்காரன் ஆனான், அவ்வளவுதான். பிறகுதான் மனு, வாக்கெடுப்பு என்றெல்லாம் கொண்டுவந்தார்கள். 1996-இல் அந்த வாக்கெடுப்பும் சரிப்படவில்லை என்று மந்திரவாதிகள் திரும்பி வந்தார்களே என்று தம்பி எழுந்து கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் இடையில் மணி அடித்துவிட்டதே!

இரண்டு நிமிடம் கொடுங்கள், நடுவர் அவர்களே. இனி நகைச்சுவை இல்லை.

அண்ணன் சாவைப் பற்றிப் பேசினார். நாங்களும் இவ்வளவு நேரம் சிரித்தோம். விளையாட்டில் செத்தால் எழுந்துவிடலாம், அதனால் சிரித்தோம். 2006-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை விளையாடிய ஒரு பெண் நிஜமாகவே இறந்துபோனார். உடன் விளையாடியவர்கள், விளையாட்டுக்குள் விண்டர்ஸ்பிரிங் என்ற பனிப்பகுதியில் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். வரிசையாக நின்றார்கள், யாரும் சண்டைக்கு ஆயத்தமாக வரவில்லை. எதிர்க்கூட்டத்து கில்ட் ஒன்று உள்ளே பாய்ந்து அத்தனை பேரையும் வெட்டிச் சாய்த்தது. அதைப் படமும் பிடித்து வெளியிட்டார்கள். அது சண்டைக்கு அனுமதி உள்ள சர்வர், அனுமதி உள்ள இடம். விதி எதுவும் மீறப்படவில்லை என்றே இன்றுவரை வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் பொது விதிதானே இருந்தது என்று எதிரணி மடக்கலாம். மடக்குங்கள், நான் மறுக்கப்போவதில்லை. அந்த வரிசையில் நின்றவர்களிடம் போய் இந்த வாதத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். டூஷேன் தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலி. கடைசி ஆண்டுகளில் விரல்களை மட்டுமே அசைக்க முடிந்தது. அதே வார்கிராஃப்டில், ஸ்டார்லைட் என்ற வேடமேற்பு கில்டில் அவர் இபெலின் என்ற துப்பறிவாளர். அங்கே ஓடினார், காதலித்தார், மற்றவர்களின் கவலைகளைக் கேட்டார். மகன் நண்பர்கள் இல்லாமல் தனியாகவே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் நினைத்தார்கள். 2014 நவம்பரில், 25 வயதில் அவர் இறந்தபோது, அந்தச் செய்தியை அவருடைய வலைப்பூவில் போட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. உங்கள் மகன் எனக்கு என்ன செய்தார் தெரியுமா என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். எல்லை கடந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். அதுவரை அவர்கள் அவரை நேரில் பார்த்ததில்லை.

இதில் பொதுச் சட்டம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வரவில்லை அண்ணே. வராவிட்டால் போகட்டும். பகடையா, சம்மதமா, முதலில் எழுதுபவரா என்பதையெல்லாம் உங்கள் கில்டுகளே வைத்துக்கொள்ளட்டும், அந்தத் தளபதியை மூன்று விதமாகவும் கொன்றுகொள்ளுங்கள். எங்களுக்கு ஒரே ஒரு வரியைப் பொது விதியாகத் தாருங்கள், நடுவர் அவர்களே: ஒருவர் உண்மையாகவே இறந்துபோய் அவருக்காகக் கூடுகிற கூட்டத்தில், எந்தக் கில்டின் வாளும் உறையைவிட்டு வெளியே வரக் கூடாது. அந்த ஒரு வரிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீதித் தலைப்பில் எதிரணியையே ஜெயிக்க வைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. நன்றி, வணக்கம்.