கிருமிக்கு முந்தி ஊசி

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மாங்காய்ப் பருவத்தில், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி தன் பேரனைக் கூட்டிக்கொண்டு நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். ஆடு மேய்க்கப் போன இடத்தில் நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. கடித்தது முந்தின நாள் சாயங்காலம். காயத்தின் மேல் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பியிருந்தார்கள். "எரிஞ்சா விஷம் முறிஞ்சிடும்னு சொன்னாங்க டாக்டரம்மா" என்றார் பாட்டி.

நான் அவரைக் கோபிக்கவில்லை. நாய்க்கடியைப் பாம்புக்கடி மாதிரி நினைப்பது நம் ஊரில் வெகுகாலப் பழக்கம். பாம்பின் விஷம் உடலில் சீக்கிரமே பரவிவிடும். வெறிநாயின் எச்சிலில் இருப்பது விஷம் இல்லை, ரேபீஸ் என்கிற வைரஸ். அந்த வைரஸ் அவசரப்படுவதே இல்லை, மெதுவாகத்தான் நகரும். அந்த நிதானம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருக்கும் அந்த வைரஸில் மொத்தமே 5 மரபணுக்கள். தானாகப் பெருக அதனால் முடியாது. நம் செல்லுக்குள் புகுந்து, அங்கே இருக்கும் பொருட்களை வைத்தே தன்னைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கடிபட்ட இடத்துத் தசையில் சில நாளோ சில வாரமோ தங்கும். அப்புறம், தசையும் நரம்பும் சேருகிற இடத்தில் நரம்புக்குள் நுழையும். நரம்பு இழைக்குள் சரக்கு சுமக்கும் புரதங்கள் ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன. வைரஸ் அவற்றின் மேல் ஏறி முதுகுத்தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகிறது. பெரும்பாலும் கடித்து 1 முதல் 3 மாதத்தில் நோய் தெரியவரும். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் தூரம் குறைவு, நாளும் குறையலாம்.

நம் எதிர்ப்புச் சக்தி அதுவரை என்ன செய்கிறது? காவல் செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் சுற்றுகின்றன. இந்த வைரஸோ ரத்தத்தில் போவதில்லை. தான் புகுந்த நரம்பு செல்லையும் உடனே கொல்வதில்லை. செல் செத்தால்தானே அக்கம்பக்கத்துக்குச் சேதி போகும்! மூளையில் பெருகி, எச்சில் சுரப்பிக்கு இறங்கி, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுக்கும் நிலை வந்தபின் உடல் விழித்துக்கொண்டு பயனில்லை. அந்த நிலையில் பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிக மிகச் சிலர்தான்.

அதனால்தான் கிருமி நரம்பைத் தொடுவதற்கு முன்பே நாம் உடலுக்குச் சொல்லிவிடுகிறோம். ஊசியில் இருப்பது செத்த வைரஸ். தோலில் போட்டால், அங்கே காவல் இருக்கும் செல்கள் அதைத் துண்டாக்கி நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப் போய்க் காட்டும். பார்த்த செல்கள் பெருகி, வைரஸைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும். இதற்கு ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான், ஆழமான கடி என்றால், தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதத்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்துகிறோம். சீரம் என்று சொல்வது அதைத்தான்.

அதற்கும் முந்தியது சோப்பு. வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தெருக்குழாய் போதும், வயற்காட்டு பம்புசெட் போதும். அந்தப் பையனுக்கும் மிளகாய்ப்பொடியைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினோம்.

பாட்டி ஒரு நாள் தள்ளி வந்ததற்குக் காரணம் வேறு. "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவீங்களே" என்று பயந்திருந்தார். அவர் பயம் பொய் இல்லை. செம்மறி ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தை அப்படித்தான் வயிற்றில் போட்டார்கள். 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் அதை நிறுத்தியாகிவிட்டது. இப்போது கையில், தோலுக்குள், முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் காசு இல்லை. இருந்தும் அந்தப் பழைய 14 ஊசிக் கதை இன்னமும் ஆட்களைத் தாமதப்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

நாய்களை விரட்டி அடிக்கச் சொல்லி நான் பேச வரவில்லை. அதியமான்கோட்டை காலபைரவரைக் கும்பிடும் ஊர் இது. வளர்க்கும் நாய்க்குக் குட்டியாக இருக்கும்போதே, 3 மாதத்தில் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் சொல்கிறபடி தொடர்ந்து போடுங்கள்.

28-ஆம் நாள் பேரனைக் கூட்டி வந்த பாட்டி, "இனிமே நாய் கடிச்சா ஒண்ணும் ஆகாதில்ல?" என்றார். ஆகும், திரும்ப வரவேண்டும் என்றேன். ஆனால் இவன் உடம்பில் இந்தக் கிருமியின் அடையாளம் தெரிந்த நினைவு செல்கள் இருக்கின்றன. முதல் நாளும் அதிலிருந்து 3-ஆம் நாளும் ஊசி போட்டாலே அவை விறுவிறுவென்று பெருகிவிடும், சீரம் வேண்டாம் என்று சொல்லி, தேதி எழுதிய சீட்டைக் கொடுத்தேன். பாட்டி அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.