பாய்காட்: வினைச்சொல்லாகிப் போன ஒரு பெயர்

அவையோருக்கு வணக்கம்.

தேர்தலைப் பாய்காட் செய்கிறார்கள், கூட்டத்தைப் பாய்காட் செய்கிறார்கள் என்று கேட்கிறோம். அந்தச் சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் காரியஸ்தராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். 1880இல் குடியானவர்கள் குத்தகையில் கால்பங்கைக் குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்தோடு நின்றுவிட்டார். செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. கொண்டுவந்தவர் மீது ஊர்ப்பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வாரி வீசினார்கள்.

சில நாள் முன்புதான் எனிஸ் நகரில், குடியானவர்களின் நில உரிமைப் போராட்டத் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனை என்ன செய்வது என்று அவர் கேட்க, "சுட்டுக் கொல்" என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. பார்னெல் அதை ஏற்கவில்லை. கடையில், தெருவில், தேவாலயத்தில், எங்கே கண்டாலும் அவனை ஒதுக்கிவிடுங்கள் என்றார். மேயோ மக்கள் அதைக் காரியஸ்தரிடமே செய்துகாட்டினார்கள். வேலையாட்கள் வெளியேறினார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார். துணி வெளுக்க ஆளில்லை, கடையில் சாமான் கிடைக்கவில்லை.

நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்பது பெரும்பாலும் வலியவர் எளியவர்மேல் வைத்த தண்டனை. அதே ஆயுதத்தை மேயோவில் எளியவர்கள் கையில் எடுத்தார்கள். இந்தச் சொல்லை நான் மதிப்பது அதனால்தான்.

சொல் பிறந்த இடம் ஒரு சாப்பாட்டு மேசை. ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சாப்பிடாமல் யோசனையில் இருந்தார். என்ன என்று கேட்டார் பாதிரியார் ஜான் ஓமாலி. இப்படி ஒதுக்கிவைப்பதைச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை என்றார் ரெட்பாத். ஆங்கிலத்தில் இருந்த பழைய கிரேக்கச் சொல் குடியானவர்களுக்குப் புரியாது. பாதிரியார் தலைகுனிந்து, நெற்றியைத் தட்டிக்கொண்டு, "அவரை பாய்காட் செய்வது என்று சொன்னால் என்ன?" என்றார். படிக்காத தம் மக்களின் வாயில் நுழைய வேண்டுமே என்ற கவலையில் பிறந்த சொல் அது.

நவம்பரில் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து 50 பேர் பாய்காட்டின் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைக் காக்கப் படையும் போலீசும் வந்தன. சில நூறு பவுன் விளைச்சலுக்கு ஏறத்தாழ 10,000 பவுன் செலவானது.

வேலை முடிந்து பாய்காட் குடும்பத்தோடு புறப்பட்டபோது வண்டியோட்ட ஊரில் ஒருவரும் வரவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில்தான் போனார். டப்ளினில் தங்கிய ஓட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. அங்கிருந்தும் கிளம்பச் சொன்னார்கள். அதற்குள் அவர் பெயர் பத்திரிகைகளில் வினைச்சொல்லாகிவிட்டிருந்தது.